தாள் துண்டும் நாவலும்: சல்மாவின் எழுத்து வழி

2025 ஜூலை மாதம் கவிஞர் சல்மா மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றார். அவ்வேளையில் அவரைப் பற்றி எங்கும் சொல்லப்பட்டது ஒரே கதைதான். பருவமெய்திய வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்ட சிறுமி, கணவன் வீட்டில் மறைந்திருந்து கவிதை எழுதிய மருமகள், இன்று நாடாளுமன்றத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது அக்கதை. அது உண்மையான கதை; சொல்லத் தகுந்த கதையுங்கூட. ஆயினும் அதைக் கேட்குந்தோறும் நமக்கு ஓர் உறுத்தல் எழுகிறது. அக்கதையில் எழுத்து ஓர் ஏணியாக மட்டுமே வருகிறது. ஏறி முடித்த பின் ஏணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சல்மாவின் ஒரு கவிதையைக்கூடப் படித்திராதவர்கள் அவருடைய வாழ்க்கையை ஒப்பிக்கிறார்கள்.

இலக்கிய வாசகர்களாகிய நாமாவது வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் புத்தகங்கள், அதன் பிறகு வாழ்க்கை. அப்படிப் பார்க்கும்போது ஒரு கேள்வி முன்வந்து நிற்கிறது: கவிஞராக அறியப்பட்ட ஒருவர் 2004இல் ஏன் நாவலுக்கு வந்தார்? கவிஞர்கள் நாவலாசிரியர் ஆவது தமிழில் புதிதன்று. சுந்தர ராமசாமி கவிதைக்குப் பசுவய்யா என்று ஒரு பெயரும் உரைநடைக்குத் தம் சொந்தப் பெயரும் வைத்துக்கொண்டு இரண்டு வடிவங்களிலும் இயங்கினார். யூமா வாசுகி, சுகுமாரன் என்று பட்டியல் நீளும். இவர்கள் வடிவம் மாறியதற்குக் கலை சார்ந்த காரணங்களைத் தேடினால் போதும். சல்மாவிடம் அது போதாது. அவருடைய கவிதைக்கும் நாவலுக்கும் இடையிலுள்ள தொலைவு, ஒரு தாளை எங்கே ஒளித்துவைப்பது என்ற கேள்வியோடு தொடர்புடையது.

நமக்கு அருகில்

காரைக்காலில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. இவ்வூரில் பெண் எழுத்து என்றால் பேச்சு அம்மையாரில்தான் தொடங்கும். ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடைபெறும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவதையும் அவற்றைப் பிடிக்கக் கூட்டம் கைநீட்டுவதையும் நாம் பார்க்கிறோம். புனிதவதியாரின் கதையைச் சேக்கிழார் சொல்லும் முறையில் ஒன்று கவனிக்கத்தக்கது. கணவன் நீங்கிய பின்னர், அவனுக்காகச் சுமந்த உடலின் அழகு இனி வேண்டாம் என்று வேண்டிப் பேயுருக் கொண்ட பின்னரே அவர் அற்புதத் திருவந்தாதி பாடுகிறார். இல்லறம் முடிந்த இடத்தில்தான் அந்தப் பெண்ணுக்குக் கவிதை தொடங்குகிறது. மனையில் இருந்தபோது அவர் என்ன நினைத்தார், சமையற்கட்டில் என்ன பேசினார் என்பதெல்லாம் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பது ஒரு மாங்கனி மட்டுமே.

மனைக்குள் இருந்துகொண்டே, உடலைத் துறக்காமலே எழுதியவரைத் தேடினால், வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூருக்குள் நுழைய வேண்டும். 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரையே பள்ளி சென்றவர். 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அந்நூலைப் பாராட்டி எழுதினார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். 1998 வரை வாழ்ந்தார். பல நூல்கள் எழுதினார். நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் அவர் பெயர் வருவது அரிது.

ஜுனைதா பேகத்தின் முதல் நாவலுக்கும் சல்மாவின் முதல் நாவலுக்கும் இடையே 66 ஆண்டுகள். இந்த இடைவெளியில் தமிழ் முஸ்லிம் வாழ்வு நாவலில் வராமல் இல்லை. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் வந்தது. 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பள்ளிவாசல், கடைத்தெரு, தறவாட்டின் முன்கட்டு, மீன் வாடை வீசும் கடற்கரை ஆகியவை தமிழ் நாவலுக்குள் வந்தன. பெண்களும் வந்தார்கள், துயரப்படுபவர்களாக வந்தார்கள். ஆனால் வீட்டின் பின்கட்டில் பெண்கள் தமக்குள் என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்பதை ஓர் ஆண் எழுத்தாளர் எவ்வளவு பரிவுடையவராயினும் கதவுக்கு இப்பால் நின்றுதான் கேட்க முடியும்.

ஒளித்துவைக்கத் தக்க வடிவம்

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது துவரங்குறிச்சி. அங்கே 1968இல் பிறந்தவர் சல்மா. வீட்டில் அழைத்த பெயர் ராஜாத்தி, பதிவேட்டுப் பெயர் ரொக்கையா. 13 வயதில் படிப்பு நின்றது. ஊர் நூலகத்திலிருந்து வந்த புத்தகங்களே பிறகு அவருக்குப் பள்ளியாயின. டால்ஸ்டாயும் தஸ்தயேவ்ஸ்கியும் மொழிபெயர்ப்பில் அந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். வெளியே போக முடியாத ஒரு பெண் ரஷ்யப் பனிக்குள் நடந்தாள் என்பது கேட்பதற்கு அழகாயிருக்கலாம். ஆனால் படித்ததைப் பற்றிப் பேச ஓர் ஆள் இல்லாமல் படிப்பது எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருமணத்திற்குப் பின் நிலைமை கடினமாயிற்று. எழுதுவது அறவே கூடாது என்றாயிற்று. எழுதிய தாள்கள் கிழிக்கப்பட்டதையும், இரவில் கழிவறைக்குள் நின்றபடி எழுதியதையும், துணிகளுக்கு இடையில் ஒளித்துவைத்ததையும், தாயார் வழியாகக் கவிதைகள் வீட்டைவிட்டு வெளியேறி இதழ்களுக்குச் சென்றதையும் அவரே பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். சல்மா என்ற புனைபெயர் அப்படித்தான் வந்தது. பசுவய்யா என்ற பெயர் ஒரு படைப்பாளியின் விருப்பம். சல்மா என்ற பெயர் ஒரு பெண்ணின் காப்பு.

இந்தச் செய்திகளை இரக்கத்திற்காகப் படித்து நகர்ந்துவிடாமல், வடிவத்தைப் பற்றிய செய்திகளாகவும் படிக்கலாம். நின்றுகொண்டு எவ்வளவு எழுத முடியும்? மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் தாளில் எவ்வளவு கொள்ளும்? கதவு தட்டப்படுவதற்குள் முடிய வேண்டிய எழுத்து எத்தகையதாக இருக்கும்? அது சிறியதாக இருக்கும். தொடக்கமும் முடிவும் ஒரே மூச்சில் அமைந்திருக்கும். மிக முக்கியமாக, அதில் பெயர்கள் இரா. பிடிபட்டால் இன்னாரைப் பற்றியது என்று யாரும் விரல் நீட்ட முடியாதபடி 'நான்', 'நீ' என்ற இரண்டு சொற்களே அதில் மனிதர்களாக உலவும்.

'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுதியை (காலச்சுவடு, 2000) இந்த எண்ணத்தோடு திருப்பினால் அதன் உலகம் எத்துணைக் குறுகியது என்பது வியப்பளிக்கும். அறை, சுவர், சாளரம், படுக்கை, இரவு, ஒரு குழந்தை, எப்போதாவது ஒரு பறவை. ஊர் இல்லை, தெரு இல்லை, உறவினர் பெயரில்லை. இதைக் குறை என்று சிலர் அன்று சொன்னார்கள். அனுபவம் ஒரே இடத்தில் சுற்றுகிறது என்றார்கள். நம் கருத்து வேறு. அந்தக் கவிதைகளில் அறை என்பது உருவகமே இல்லை. அது அளந்து சொல்லக்கூடிய ஓர் அறை. நவீனத் தமிழ்க் கவிதை அறையையும் தனிமையையும் நெடுங்காலம் தத்துவச் சிக்கலாகக் கையாண்டு வந்தது. விரும்பினால் கதவைத் திறந்து தேநீர்க் கடைக்குப் போகக்கூடியவர்களின் தனிமை அது. சல்மாவின் அறைக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள் இருந்தது.

அத்தொகுதியில் பரவலாகப் பேசப்பட்ட கவிதை 'ஒப்பந்தம்'. மண உறவு அன்றாடம் நடைபெறும் ஒரு கொடுக்கல் வாங்கலாக எப்படி இயங்குகிறது, பெண் தன் சிறு தேவைகளைப் பெறுவதற்கு எதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அக்கவிதை சற்றும் குரலுயர்த்தாமல் சொல்கிறது. அதில் சீற்றம் குறைவு, கணக்கு மிகுதி. அந்தக் கணக்குச் சொல்லும் தொனிதான் பலரைக் கலக்கியது என்று நினைக்கிறோம். புலம்பும் பெண்ணைத் தமிழ் மரபு அறியும். அவளுக்கு இரங்கவும் அறியும். விலைப்பட்டியல் வாசிக்கும் பெண்ணை எப்படி எதிர்கொள்வது என்று அதற்குத் தெரியவில்லை.

பெயர் வெளிப்பட்ட ஆண்டுகள்

2001 உள்ளாட்சித் தேர்தலில் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. துவரங்குறிச்சி அப்பேரூராட்சியைச் சேர்ந்தது. கணவர் போட்டியிட வேண்டியிருந்த இடத்தில் மனைவி நிறுத்தப்பட்டார். நாட்டில் ஆயிரக்கணக்கான இடங்களில் நடந்ததுதான் இது. பெயர் மனைவியுடையது, நாற்காலி கணவனுடையது என்ற ஏற்பாடு. ஆனால் அந்தத் தேர்தலில் ரொக்கையா வென்றபோது, அவர்தான் சல்மா என்பதும் வெளிப்பட்டுவிட்டது. ஒளிந்திருந்த கவிஞரை வெளியே கொண்டுவந்தது இலக்கிய உலகமன்று, இடஒதுக்கீடு. அரசமைப்பின் 73, 74ஆம் திருத்தங்களைப் பற்றி எழுதுபவர்கள் அவற்றின் விளைவுகளில் ஒன்றாக ஒரு நாவலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2003இல் 'பச்சை தேவதை' வந்தது. அதே காலத்தில்தான் பெண் கவிஞர்களின் மீது பெரும் வசை எழுந்தது. குட்டி ரேவதி, சுகிர்தராணி, நம் புதுச்சேரியின் மாலதி மைத்ரி, சல்மா ஆகிய நால்வரும் ஆபாசமாக எழுதுகிறார்கள் என்று திரைப்பாடலாசிரியர் சிலரும் வேறு சிலரும் கூச்சலிட்டனர். மிரட்டல்களும் வந்தன. திரைப்பாட்டில் பெண்ணுடலை ஓயாமல் பாடியவர்களே பெண்கள் தம் உடலைப் பற்றி எழுதியதும் பண்பாடு கெட்டுவிட்டது என்றதை அன்றே பலர் சுட்டிக்காட்டினர். அந்த நால்வரின் கவிதைகளை லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் பின்னர் ஆங்கிலத்தில் ஒரே தொகுதியாக்கினார். 2012இல் வெளிவந்த அத்தொகுதியின் தலைப்பிலேயே, அவர்களை வைத த சொற்களைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

இந்த வசைக்கும் நாவலுக்கும் உள்ள தொடர்பை நாம் கவனிக்க வேண்டும். ஒளிந்திருக்கும் வரை இழப்பதற்கு ஒரு மறைவிடம் இருந்தது. பெயர் தெரிந்து, ஊர் தெரிந்து, தலைவர் நாற்காலியில் அமர்ந்து, மேடையில் வசவும் வாங்கிய பின்னர் ஒளிக்க எதுவுமில்லை. நீண்ட நேரம் உட்கார்ந்து, பல மாதங்கள் ஒரே கட்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்து எழுதக்கூடிய நிலை அப்போதுதான் வந்தது. நாவலுக்கு வேண்டியது கற்பனை மட்டுமன்று. நேற்று எழுதிய பக்கம் இன்றும் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும்.

கதவுகளைத் திறந்த நாவல்

2004இல் காலச்சுவடு வெளியிட்ட 'இரண்டாம் ஜாமங்களின் கதை' பருமனான நாவல். கவிதையில் ஒருவர்கூடப் பெயரோடு வராத உலகத்திலிருந்து வந்தவர், நாவலில் ஒரு தெரு முழுவதையும் பெயர் சொல்லி அழைக்கிறார். ராபியா என்ற சிறுமியின் பார்வை நம்மை உள்ளே அழைத்துச் செல்கிறது. அவளைச் சுற்றித் தாய் ஜொஹரா, பெரியம்மா ரஹீமா, ரஹீமாவின் மகள் வஹிதா, ஃபிர்தவ்ஸ், ஆமினா, வேலை செய்யும் ஃபாத்திமா என்று பெண்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். குடும்பச் சொத்து வெளியே போகாதிருக்க வஹிதாவுக்கு உறவுக்குள் மாப்பிள்ளை பார்க்கப்படுகிறது. மணமுறிவு பெற்று வீட்டில் இருக்கும் ஃபிர்தவ்ஸ் அண்டை வீட்டு இந்து ஆடவனோடு கொள்ளும் உறவு வெளிப்படும்போது, அவளைப் பெற்ற தாயின் கையாலேயே நஞ்சு வருகிறது.

இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் கேட்பவர்கள் இதைக் கண்ணீர் நாவல் என்று நினைக்கக்கூடும். படித்தவர்களுக்குத் தெரியும், அதில் எவ்வளவு சிரிப்பு இருக்கிறது என்று. நோன்புக்காலத்து இரவுகளில், திருமண வீட்டு வேலைகளுக்கு நடுவில், ஆண்கள் இல்லாத கூடங்களில் பெண்கள் பேசும் பேச்சு கூச்சமற்றது. தம் கணவர்களைப் பற்றி அவர்கள் அடிக்கும் கேலி நம் நாட்டார் பாடல்களில் காணப்படும் துணிச்சலுக்குச் சற்றும் குறைந்ததன்று. தலைப்பிலுள்ள ஜாமம் அதனால்தான் பொருளுடையதாகிறது. ஊர் உறங்கும் வேளையே இப்பெண்களுக்குப் பகல்.

நாவலின் மீது வைக்கப்பட்ட குறைகளில் ஒன்று, அது கட்டுக்கோப்பின்றிப் பரந்து செல்கிறது என்பது. பாத்திரங்கள் மிகுதி, யார் யாருக்கு என்ன உறவு என்பது குழப்புகிறது, ஒரு மையக்கதை இல்லை என்றார்கள். செம்மையாக்கத்தில் இன்னும் சுருக்கியிருக்கலாம் என்று நமக்கும் சில இடங்களில் தோன்றியதுண்டு. குறிப்பாக நடுப்பகுதியில் ஒரே வகையான உரையாடல் திரும்ப வருகிறது. ஆனால் மையம் இல்லை என்ற குற்றச்சாட்டை ஏற்க இயலவில்லை. தனிமனிதன் ஒருவனின் ஏற்றத்தையோ வீழ்ச்சியையோ மையமாக வைத்து நாவல் படித்துப் பழகியவர்களுக்கு, கூட்டுறவு வாழ்வில் எவரும் தனியாளாக இருக்க முடியாத ஒரு வீட்டின் கதை சிதறலாகத்தான் தோன்றும். ஒருத்திக்கு நேர்வது இன்னொருத்திக்குக் கட்டளையாகிறது. ஓடிப்போனவள் ஒருத்தி என்றால் அடைக்கப்படுபவர்கள் எல்லோரும். இந்தச் சங்கிலியைக் காட்ட இத்தனை பெண்களும் வேண்டும்.

இன்னொரு குறை, சமுதாயத்தைப் பிறர் முன் தாழ்த்திக் காட்டுகிறார் என்பது. இதை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. சிறுபான்மைச் சமயத்தவர்மீது வெறுப்புப் பேச்சு மிகுந்துவரும் நாட்டில், உள்வீட்டுக் கொடுமையை எழுதினால் அது வெளியிலுள்ள பகைவர் கையில் கருவியாகாதா என்ற அச்சம் பொருளற்றதன்று. இதற்கு நாவலே தரும் விடை ஒன்றுண்டு. அதில் வரும் கொடுமைகளுக்கு மார்க்கம் மட்டும் காரணமாகக் காட்டப்படவில்லை. சொத்து, வாணிகம், வெளிநாட்டில் பல்லாண்டு தங்கிவிடும் ஆண்கள், ஊர் மானம் என்று காரணங்கள் பலவாக விரிகின்றன. பெயர்களை மாற்றிவிட்டால் நம் ஊர்ப் பக்கத்து எந்தச் சாதித் தெருவுக்கும் இக்கதை பொருந்தும். வெறுப்பவனுக்கு ஓர் ஒற்றை வரி வேண்டும். இவ்வளவு நீண்ட நாவல் அவனுக்குப் பயன்படாது.

அதற்குப் பின்

2009இல் ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் ஜுபான் பதிப்பகம் 'தி ஹவர் பாஸ்ட் மிட்நைட்' என்ற பெயரில் நாவலை வெளியிட்டது. 2013இல் பிரித்தானிய ஆவணப்பட இயக்குநர் கிம் லாங்கினோட்டோ 'சல்மா' என்ற படத்தை எடுத்தார். உலக அரங்குகளில் அது திரையிடப்பட்டது. அந்தப் படத்தின் வழியாகவே அவருடைய வாழ்க்கைக் கதை உலகறிந்தது. தொடக்கத்தில் நாம் சொன்ன ஏணிக்கதைக்கும் அது ஒருவகையில் வித்திட்டது. படத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு கவிஞரைப் பற்றிய படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், அவர் கவிதையைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விடை நமக்கு மகிழ்ச்சி தராது.

2012இல் 'சாபம்' சிறுகதைத் தொகுதி. 2016இல் 'மனாமியங்கள்' நாவல். அரபியில் கனவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெற்ற தலைப்பு அது. முதல் நாவல் ஒரு பெருங்கூட்டத்தின் கதை என்றால், இது மெஹர், பர்வீன் என்ற இரு பெண்களை அணுகி நிற்பது. மெஹரின் கணவன் ஹசன் மார்க்கப் பற்று மிகுந்து இரண்டாம் மணம் செய்துகொள்கிறான். மெஹர் விலகிக்கொள்ளும் உரிமையைக் கேட்கிறாள். அவ்வுரிமை மார்க்கம் அவளுக்குத் தந்ததே என்பதும், அதைக் கேட்டவளை ஊர் என்ன செய்தது என்பதும் நாவலின் நடுநரம்பு. முதல் நாவலில் ஊர் வழக்கம் பெண்ணை அடைத்தது. 12 ஆண்டு கழித்து வந்த இந்நாவலில், வழக்கத்தைத் திருத்துகிறேன் என்று வந்த கடும் தூய்மைவாதமும் அவளையே அடைக்கிறது. தர்காவுக்குப் போவதும் பாட்டும் கூடாதவையாகிப்போன ஒரு மாற்றத்தை, நாகூரும் மஸ்தான் சாகிபு கந்தூரியும் அருகிருக்கும் நம் பகுதி வாசகர்கள் விளக்கமின்றியே உணர்வார்கள். இந்நாவலை மீனா கந்தசாமி மொழிபெயர்த்து 2020இல் பெங்குவின் வெளியிட்டது. பின்னர் 'அடைக்கும் தாழ்' என்ற நாவலும் வந்தது.

அரசியல் பயணம் இதற்கு இணையாகவே நடந்தது. 2006இல் திமுக வேட்பாளராக மருங்காபுரியில் நின்று தோற்றார். பின்னர் சமூக நல வாரியத்தின் தலைவரானார். 2025இல் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது ரொக்கையா மாலிக் என்ற பெயரும் கவிஞர் சல்மா என்ற பெயரும் சேர்ந்தே வழங்கின. ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சிப் பிரித்துவைக்கப்பட்ட இரு பெயர்கள் ஒரே வரியில் நிற்பதைக் காணும்போது, அந்தப் பதவியைவிட அந்த வரியே நமக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பதவி எழுத்தைக் குறைத்துவிட்டதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முதல் நாவலுக்கும் இரண்டாவதற்கும் இடையே விழுந்த நீண்ட இடைவெளியைக் காட்டுவார்கள். இருக்கலாம். கட்சிக்குள் இருப்பவர் எதை எழுதலாம், எதை எழுதாமல் விடலாம் என்ற புதிய தாழ்ப்பாளும் விழக்கூடும். ஒளிந்து எழுதியதன் சிக்கலை நாம் பேசினோம். யாவரும் பார்த்திருக்க எழுதுவதிலும் சிக்கலுண்டு. முதல் தொகுதியின் இறுக்கம் பிந்தைய கவிதைகளில் நெகிழ்ந்துவிட்டது என்பது நம் கருத்து. நாவல்களின் விரிவு அந்த இழப்புக்கு ஈடு செய்கிறது. ஓர் எழுத்தாளருக்கு எல்லாம் ஒருசேரக் கிடைப்பதில்லை.

நாட்காட்டித் தாள்

நிறைவாக, நம்மைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை மாணவி ஒருவர் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை நம்மிடம் இரவல் வாங்கிச் சென்றார். இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது அதன் அட்டையை நாட்காட்டித் தாளால் மூடியிருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டோம். "அவங்க அத்தாங்கறாங்க, நாங்க வாப்பாங்கறோம். மத்ததெல்லாம் எங்க வீடுதான் ஐயா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அந்நாவலுக்கு நாம் கேட்ட சுருக்கமான திறனாய்வு அது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், துணைப்பாடமாக ஒரு நாவலைப் பரிந்துரைக்கும் வாய்ப்பு நமக்கு வந்திருந்தது. முதலில் இந்நாவலின் பெயரை எழுதினோம். பிறகு நாமே அடித்துவிட்டு வேறொன்றை எழுதினோம். பக்கங்கள் மிகுதி என்று காரணம் சொன்னோம். அது உண்மையான காரணமன்று. வீட்டிலிருந்து யாராவது வந்து கேட்டால் என்ன விடை சொல்வது என்ற அச்சமே காரணம். எவரும் நம்மைத் தடுக்கவில்லை, எவரும் மிரட்டவில்லை. ஒரு பெண் கழிவறையில் நின்று எழுதத் துணிந்ததை, மின்விசிறியின் கீழ் நாற்காலியில் அமர்ந்து பாடமாக வைக்க நம்மால் முடியவில்லை.

அம்மாணவி அடுத்த பருவத்தில் வகுப்புக்கு வரவில்லை. திருமணம் என்றார்கள். தேர்வெழுத வருவார் என்று எதிர்பார்த்தோம், வரவில்லை.

அந்தப் படி இப்போதும் நம்மிடம் இருக்கிறது. நாட்காட்டித் தாளை நாம் அகற்றவில்லை. அண்மையில் அதைத் திறந்தபோதுதான் பின்னட்டையின் உட்புறத்தைப் பார்த்தோம். நாவலில் வரும் பெண்கள் அனைவரின் பெயர்களையும் பென்சிலால் எழுதி, யார் யாருக்கு மகள், யார் யாருக்கு மாமி என்று கோடிட்டு இணைத்து ஓர் உறவுப் படம் வரைந்திருந்தார். திறனாய்வாளர்கள் சிதறல் என்று சொன்ன நாவல் அந்த ஒரு பக்கத்தில் தெளிவாக நின்றது. இவ்வாண்டு துணைப்பாடப் பரிந்துரை கேட்டு வந்த படிவத்தில் நாவலின் பெயரை எழுதி அனுப்பிவிட்டோம். ஏற்றுக்கொண்டால், முதல் வகுப்பில் அந்தப் பென்சில் படத்தைக் கரும்பலகையில் வரைந்து தொடங்குவதாக இருக்கிறோம்.